கையுறை யாருக்காக?

ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் கட்டிலின் கால்மாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கேஸ் ஷீட் மாட்டியிருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். தலையை அழுத்தினால் ஸ்பிரிட் வாடையோடு குளிர்ச்சியான திரவம் கையில் விழும். கொரோனா காலத்துக்குப் பிறகு சானிடைசர் என்ற பெயரில் அது எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவோம். அந்த பாட்டிலை வாசலில் வைக்காமல், வாஷ்பேசின் பக்கத்தில் வைக்காமல், கட்டிலிலேயே ஏன் மாட்டிவைத்தார்கள்?

முதலில் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் நூறு பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு புதுத் தொற்றாவது ஆஸ்பத்திரியிலேயே வந்து சேர்கிறது. கால் முறிந்து போனவருக்கு நிமோனியா வருகிறது. பிரசவத்துக்குப் போனவருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கிறது. வந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த கையோடு இதற்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் தரையைத்தான் கைகாட்டுவோம். பினாயில் வாடை தூக்கலாக இருந்தால் சுத்தமான ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் மோசம் என்பது நம் ஊர் அளவுகோல். தரை சுத்தமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் யாருடைய புண்ணும் தரையில் படுவதில்லை. சில கிருமிகள் காற்றில் வரும். காசநோயும் அம்மையும் அந்த வகை. அவற்றுக்குத் திறந்த ஜன்னலும் தனி அறையும் வேண்டும். மற்றபடி ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குக் கிருமி போய்ச் சேரும் முக்கியமான வழி, நடுவில் நின்று வேலை பார்ப்பவரின் கை. நல்ல உடல்நலமும் நல்ல மனமும் உள்ள, பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் ஒரு கை.

பளிச்சென்று இருக்கும் கை எப்படிக் கெடுதல் செய்யும்? இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846-இல் முதல் பிரிவில் நூறு தாய்மார்களில் 11 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலில். இரண்டாவது பிரிவில் 3 பேருக்கும் குறைவு. ஊருக்கே இது தெரியும். முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைத் தேடினார். கூட்ட நெரிசலா? இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாகக் கிடப்பவர்களுக்குக் கடைசி ஜெபம் சொல்ல வரும் பாதிரியாரின் மணிச்சத்தம் கேட்டுப் பயந்து சாகிறார்களோ என்றுகூட யோசித்து, அவரை மணியடிக்காமல் சுற்றுவழியில் வரச் சொல்லிப் பார்த்தார். சாவு குறையவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தக் காயத்தில் தொற்று ஏறி இறந்துபோனார். அவருடைய பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. அந்தத் தாய்மார்களின் உடலில் பார்த்த அதே கோளாறுகள் இவர் உடலிலும் இருந்தன. டாக்டர்கள் காலையில் பிணவறையில் வேலை செய்துவிட்டு நேரே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை கிடையாது.

டாக்டர்கள் கை கழுவாமல் வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கையும் சுத்தமாகத்தான் தெரிந்தது, பிணவாடை மட்டும் போகவில்லை. வாடை போகவில்லையென்றால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று யோசித்து, அந்த வாடையைப் போக்கும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவச் சொன்னார். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் அது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 சொச்சத்துக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்று நோய்க்குக் காரணம் என்று யாரும் நிரூபித்திராத காலம் அது.

பாடப்புத்தகங்கள் கதையை இங்கே முடித்துவிடும். நமக்குத் தேவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அதே வருடம் அக்டோபரில் கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை வார்டில் சேர்த்தார்கள். ரவுண்ட்ஸ் எப்போதும் தொடங்கும் முதல் கட்டில் அவருக்குக் கிடைத்தது. அவரைப் பரிசோதித்துவிட்டு வெறும் சோப்பால் கையைக் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அப்போது பிரசவத்துக்கு இருந்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். அன்றைக்கு யார் கையிலும் பிணவாடை இல்லை. வார்டுக்குள் நுழையும்போது ஒருமுறை கழுவினால் போதாது, ஒவ்வொருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கழுவ வேண்டும் என்பதை செம்மல்வைஸ் அன்று கற்றார். பாவம், பிறரை நம்பவைக்கும் சாமர்த்தியம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்களைத் திட்டித் திட்டிக் கடிதம் எழுதினார். 1865-இல், 47 வயதில், ஒரு மனநல விடுதியில் இறந்தார்.

இனி நம் ஊர் வார்டுக்கு வருவோம். நம் தோலில் இரண்டு வகைக் கிருமிகள் உண்டு. ஒரு வகை தோலின் அடுக்குகளில் நிரந்தரமாகவே இருக்கும். என்ன தேய்த்தாலும் முழுக்கப் போகாது, பெரும்பாலும் தொந்தரவும் செய்யாது. இன்னொரு வகை தொட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது, மேலாக மட்டும் இருப்பது. ஆஸ்பத்திரியில் பிரச்சினை செய்வது இந்த இரண்டாம் வகை. மேலாக இருப்பதால் எளிதில் ஒட்டும், எளிதில் அடுத்த இடத்துக்கு மாறும். நல்லவேளையாக, எளிதில் அழிக்கவும் முடியும்.

நான்காம் கட்டிலுக்கு சிஸ்டர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரியவரின் நாடியைப் பிடிக்கும் முன் கையைத் தேய்த்துக்கொள்கிறார். வெளியிலிருந்து எதையும் அவரிடம் கொண்டுவரக் கூடாதே. பிறகு பிரஷர் பார்க்கிறார், போர்வையைச் சரிசெய்கிறார். அடுத்து டிரிப்ஸ் ஊசியின் மூடியைத் திறந்து மருந்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் மறுபடி தேய்க்கிறார். இங்கேதான் நமக்குப் புரியாமல் போகும். அதே நோயாளி, வேறு யாரையும் தொடவில்லை, எதற்கு இன்னொரு தடவை? அந்த மூடிக்கு உள்ளே இருப்பது நேரே இரத்தக் குழாய். அவருடைய தோலிலும் போர்வையிலும் இருக்கும்வரை சும்மா இருந்த கிருமி, இரத்தத்துக்குள் போனால் சும்மா இருக்காது. அதன்பின் யூரின் பையைக் காலி செய்கிறார், உடனே தேய்க்கிறார். பெரியவரிடமிருந்து விலகும்போதும் தேய்க்கிறார். நோயாளியைத் தொடவே இல்லை, கட்டில் கம்பியையும் மருந்து மேசையையும் மட்டும்தான் தொட்டார் என்றாலும் தேய்க்க வேண்டும். சீழ்க் கட்டியை உண்டாக்கும் கிருமிகளில் சில, காய்ந்த கம்பியில் வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்துத் தந்த ஐந்து தருணங்கள் இவைதான். நம் கேள்விக்கான பதிலும் இதிலேயே வந்துவிட்டது. கை சுத்தமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எதைத் தொட்டபின், எதைத் தொடும் முன் என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தருணம் கட்டிலருகே வருகிறது, அதனால் பாட்டிலும் கட்டிலிலேயே இருக்கிறது.

இப்போது கையுறைக்கு வருவோம். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. வார்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் உண்டு: “கிளவுஸ் கூடப் போடாம தொடுறியேம்மா!” ஊசி போட வந்த இளம் நர்ஸிடம் நோயாளியின் மாமாவோ அண்ணனோ குரலை உயர்த்துவார். அந்தப் பெண் கையைத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருப்பாள். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் கையுறை மாட்டிய கையால் கேஸ் ஷீட்டில் எழுதி, கம்பியைத் தள்ளி, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பேசி, திரும்ப வந்து அதே கையுறையோடு நோயாளியின் கட்டைப் பிரிப்பார். அவரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கையுறை போட்டிருக்கிறார் அல்லவா!

பச்சை மிளகாய் நறுக்கும்போது கை எரியாமல் இருக்க நாம் கையுறை போட்டுக்கொண்டோம் என்று வையுங்கள். நறுக்கி முடித்ததும் அதே கையுறையோடு குழந்தையின் கண்ணைத் துடைத்துவிடுகிறோம். நம் கை எரியாது. கையுறை அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. குழந்தை மட்டும் வீறிட்டு அழும். ஆஸ்பத்திரியில் மாட்டும் சாதாரணக் கையுறையும் இப்படித்தான். அது மாட்டியிருப்பவரை நோயாளியின் இரத்தத்திலிருந்தும் சீழிலிருந்தும் காப்பாற்றுகிறது. நோயாளியைக் காப்பாற்ற வேண்டுமானால் அவருக்கென்று புதிதாக மாட்டி, அந்த ஒரு வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும்.

கையுறை பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் கரோலின் ஹாம்ப்டன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். கிருமியைக் கொல்ல அங்கே பயன்படுத்திய பாதரச மருந்து அவருடைய கைத்தோலைப் புண்ணாக்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கினார். 1890-இல் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அந்தக் கையுறை நோயாளிகளின் காயத்தையும் தொற்றிலிருந்து காப்பாற்றும் என்று மற்ற டாக்டர்கள் புரிந்துகொள்ள இன்னும் சில வருடம் பிடித்தது. இன்று ஆபரேஷன் தியேட்டரில் போடுவது கிருமி நீக்கித் தனித்தனி உறையில் வரும் வேறு வகை. வார்டில் நூறு நூறாக அட்டைப்பெட்டியில் வருவது அதுவல்ல. அந்தப் பெட்டிக்குள் நாள் முழுக்க யார் யாரோ கைவிட்டு எடுப்பார்கள். கை தேய்க்காமல் எடுத்தால், எடுத்த கையுறையும் மிச்சம் இருப்பவையும் சேர்ந்தே கெடும்.

இன்னொரு சங்கதி. வெறுங்கையில் ஏதாவது பட்டால் பிசுபிசுக்கும், நனையும். உடனே கழுவத் தோன்றும். கையுறைக்குள் இருக்கும் கைக்கு எதுவும் தெரியாது. அதனால் கழற்றவும் தோன்றாது. கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் அதில் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் விரலில் உரசும். ஆகவே கழற்றிச் சிவப்புக் கூடையில் போட்ட பிறகும் கையைத் தேய்த்தே ஆக வேண்டும். கையுறைக்கு மேலேயே ஹேண்ட் ரப் போட்டுத் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவது குறுக்கு வழி. அதை அனுமதிப்பதில்லை. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, தேவையில்லாத கையுறையைக் கழற்றுங்கள் என்று 2018-இல் தன் ஊழியர்களிடம் ஓர் இயக்கமே நடத்தியது. தசையிலோ தோலுக்கடியிலோ போடும் சாதாரண ஊசிக்குக் கையுறை கட்டாயமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரத்தம் எடுக்க, புண்ணைத் தொட, வாய்க்குள் கைவைக்க, மலம் மூத்திரம் எடுக்க, கட்டாயம் வேண்டும். அந்த மாமாவிடம் இதை யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சரி, சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டு ஏன் ஆல்கஹால்? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 20 முறை கை சுத்தம் செய்யும் தருணம் வரும். ஒவ்வொரு தடவையும் வாஷ்பேசினுக்கு நடந்துபோய், 40 முதல் 60 விநாடி சோப்பில் தேய்த்து, துடைத்து, திரும்பி வந்தால் நோயாளியை எப்போது பார்ப்பது? ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே என்ற டாக்டர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஊழியர்கள் சோம்பேறிகள் இல்லை, நேரம்தான் இல்லை என்று புரிந்தது. கட்டிலருகே ஆல்கஹால் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். 1994-இல் நூற்றுக்கு 48 தடவை மட்டும் கை சுத்தம் செய்த ஊழியர்கள், 1997-இல் 66 தடவை செய்தார்கள். 1994-இல் நோயாளிகளில் 16.9 சதவீதம் பேருக்கு இருந்த மருத்துவமனைத் தொற்று, 1998-இல் 9.9 சதவீதமாக இறங்கியது. ஆளை மாற்றவில்லை, பாட்டிலின் இடத்தை மாற்றினார். நம் ஊரில் எந்தத் தவறு நடந்தாலும் உடனே யாரையாவது சஸ்பெண்ட் செய்யத் துடிக்கிறோம். அதனால்தான் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஆல்கஹால் கிருமியின் புரதத்தைக் குலைத்துக் கொல்கிறது. அந்த வேலைக்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். அதனால் நூறு சதவீத ஆல்கஹாலைவிட 75, 80 சதவீதக் கலவைதான் நன்றாக வேலை செய்யும். இருபது முப்பது விநாடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும். உள்ளங்கையை எல்லோரும் தேய்ப்பார்கள். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும். நோயாளியை முதலில் தொடுவதே விரல் நுனிதான்! கையில் இரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் ஆல்கஹால் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். கெட்டியான ஓடு போட்டு உறங்கும் வித்துகளாகிக் கிடக்கும் சில கிருமிகளும் ஆல்கஹாலுக்குச் சாகாது. சி. டிஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் வயிற்றுப்போக்குக் கிருமி அந்த ரகம். அதையும் கழுவித்தான் விரட்ட வேண்டும்.

தொற்று வந்தால் என்ன, ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்று கேட்கலாம். 2010-இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் வகை மருந்துகளையே செல்லாக்காசாக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் நோயாளிகளின் கிருமிகளில் இருப்பதைக் காட்டியது. மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமியும் கையில் இருக்கும்போது ஆல்கஹாலுக்கு அடங்கிவிடும்.

கடைசியாக, உடன் தங்கும் நம் பங்கு. கட்டிலில் உட்காராதீர்கள், ஒருவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு நலம் விசாரிக்கப் போகாதீர்கள். போனால் நடுவில் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று யூரின் பை. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, கீழே தொங்குகிறதே என்று பாசத்தோடு அந்தப் பையை எடுத்து நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவோம். பையில் தேங்கிய மூத்திரம் கிருமிகளோடு குழாய் வழியாக மூத்திரப்பைக்கே திரும்பி ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது.

உடம்புக்குள் போகும் எந்தக் குழாயும் கிருமிக்குத் திறந்த வாசல்தான். அடுத்தவர் கையிலிருந்து கிருமி வர வேண்டும் என்றுகூட இல்லை. நோயாளியின் குடலிலும் மூக்கிலும் தோலிலும் காலங்காலமாக இருக்கும் அவருடைய சொந்தக் கிருமியே குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். குழாய் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். 2004-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற டாக்டரின் குழு, பெரிய இரத்தக் குழாய்களில் வைக்கும் டியூபுக்கு ஐந்து எளிய பழக்கங்களைக் கடைப்பிடிக்க வைத்து, அதனால் வரும் இரத்தத் தொற்றை மளமளவென்று குறைத்துக் காட்டியது. முதல் பழக்கம் கை கழுவுவது. கடைசிப் பழக்கம், தேவை முடிந்த டியூபை எடுத்துவிடுவது.

கேட்க ஆளில்லாவிட்டால் தேவை முடிந்த டியூபும் அப்படியே கிடக்கும். டியூட்டி மாறிக்கொண்டே இருக்கும் வார்டில் இது சகஜம். டிரிப்ஸ் ஊசி குத்திய இடம் சிவந்தாலோ வலித்தாலோ ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வரும்போது, “இந்த டியூப் இன்னிக்கும் வேணுமா டாக்டர்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். வேண்டுமென்றால் காரணம் சொல்வார். வேண்டாமென்றால் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.